நாய், பூனை இருக்கிற வீட்டில் கோழியும் ஆடும்: எதை முதலில், எப்படி?

பனைமட்டை:
வணக்கம். கிராமத்தில் தோட்டத்தோடு வீடு, சுற்றி ஒரு ஏக்கர் போல இடம். இப்போது இருப்பது இரண்டு வயது நாய் ஒன்று (கலப்பினம், 22 கிலோ, எதைக் கண்டாலும் துரத்துகிற வகை), பூனை இரண்டு. இதோடு எட்டு கோழி, இரண்டு வெள்ளாடு சேர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு. விற்பனைக்கு இல்லை. முட்டை, கொஞ்சம் பால், மற்றபடி மனசுக்காக. எந்த வரிசையில் கொண்டுவருவது? நாயை எப்படிப் பழக்குவது? எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து விடலாமா?

இரும்புவலை:
முதலில் கூடு, அப்புறம் கோழி. கோழி வாங்கி வந்த பிறகு கூடு கட்டினால் முதல் வாரமே கணக்கில் குறையும்.

எட்டுக் கோழிக்குத் தரை 4 அடிக்கு 6 அடி போதும், பகலில் வெளியே மேயும் என்றால். உள்ளே ஏறி உட்காரக் கட்டை வேண்டும்: ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. நீளம், கட்டையின் அகலம் 4 முதல் 5 செ.மீ., மேல் விளிம்பு உருட்டிவிட்டிருக்க வேண்டும். தரையிலிருந்து இரண்டடி உயரம் போதும். மூன்றடிக்கு மேல் போனால் கனத்த கோழி குதித்து இறங்கும்போது உள்ளங்கால் அடிபட்டு, அங்கே சீழ்க்கட்டி வரும். முட்டைப் பெட்டி நாலைந்து கோழிக்கு ஒன்று, அடிக்கு அடி. பெட்டி எப்போதும் உட்காரும் கட்டையைவிடத் தாழ்வாக இருக்கணும். உயரமாக இருந்தால் இரவு அதில்தான் ஏறித் தூங்கும், காலையில் முட்டையெல்லாம் எச்சம்.

வலையில்தான் எல்லாரும் ஏமாறுவது. கோழி வலை என்று அறுகோணக் கண்ணோடு விற்பது கோழியை உள்ளே வைக்க மட்டும்தான். நாய் அதைப் பல்லால் கிழிக்கும், கீரி புகுந்து போகும். பற்றவைத்த கம்பி வலை, அரை அங்குலக் கண், அதுதான் கீழ் மூன்றடிக்கு. மேலே வேண்டுமானால் ஓர் அங்குலம். வலையின் அடியை மண்ணுக்குள் புதைப்பதைவிட, 45 செ.மீ. அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் விரித்து மேலே கல் வையுங்கள். தோண்டுகிற பிராணி சுவரோரம்தான் தோண்டும். காலடியில் வலை தட்டினால் இரண்டடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது.

காற்றோட்டம் மேலே, கூரையை ஒட்டி. உட்கார்ந்திருக்கிற கோழியின் மேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது. காலையில் கதவைத் திறந்ததும் கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை, அல்லது கீழே போட்ட உமி நனைந்திருக்கிறது. ஒரு பிடி உமியை இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நாய்விசில்:
நாய் பற்றி நான் சொல்கிறேன். இரண்டு வயது என்பது பரவாயில்லை. ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரைதான் பெரிய தொல்லைக் காலம். அந்த வயதில் கோழியைக் கொல்லும் நாய்களில் பெரும்பாலானவை கொல்ல நினைத்துத் துரத்துவதில்லை. ஓடுவதால் துரத்தும், பிடித்ததும் கோழி படபடக்கும், வாயை இறுக்கும், முடிந்தது. ஆனால் ஒரு தடவை அந்த ருசி தெரிந்துவிட்டால் அடுத்த தடவை விளையாட்டு இல்லை.

பழக்கும் முறை இதுதான். கோழிகள் கூட்டுக்குள் இருக்கட்டும். நாய் கயிற்றில். கோழியைப் பார்க்க முடிகிற, ஆனால் உங்கள் கையிலிருந்து தின்பண்டம் வாங்கித் தின்னும் நிதானம் இன்னும் இருக்கிற தூரத்தில் நில்லுங்கள். அந்தத் தூரம் 30 அடியோ 60 அடியோ, நாயைப் பொறுத்தது. நாய் கோழியைப் பார்த்துவிட்டுத் தானாக உங்கள் பக்கம் திரும்பும் நொடியில் "சரி" என்று சொல்லித் தின்பண்டம். கூப்பிடாதீர்கள், தானாகத் திரும்பணும். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. தின்பண்டத்தை மறுத்தால் தூரம் போதவில்லை என்று அர்த்தம், பத்தடி பின்னால் போங்கள். வலையருகே வந்தும் நாய் படுத்துக்கொள்கிறது என்ற நிலை வந்தபின், கோழியை வெளியே விட்டு, நாய்க்கு 15 அடி நீளக் கயிறு. அதுவும் நாய் ஒரு மணி நேரம் ஓடி ஆடிக் களைத்த பிறகு.

உடலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வாய் லேசாகத் திறந்து, வால் தளர்ந்து, தரையை மோந்துகொண்டு திரிந்தால் நல்லது. வாய் மூடி, காது முன்னால், ஒரு முன்னங்கால் தூக்கி, பெயர் சொன்னாலும் கண் அகலவில்லை என்றால் அடுத்த நொடி பாயப் போகிறது. கயிற்றை இழுக்கும் நேரம் பாய்ந்த பிறகு இல்லை, அந்தக் கண் அகலாத நொடிதான்.

கோழிக்கூடை:
> எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து விடலாமா

பகலில், ஆள் இருக்கும்போது, நாலைந்து மாதம் கழித்து. ஆனால் வேறு ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: யாருடைய தீவனத்தை யார் தின்பார்கள்? நாய் கடிப்பதைப் போல இதிலும் உயிர் போகும்.

முதலில் குஞ்சா பருவக்கோழியா என்று முடிவு பண்ணுங்கள். நாய், பூனை இருக்கிற வீட்டில் முதல் தடவை என்றால் 16 முதல் 18 வாரப் பருவக்கோழி. குஞ்சு என்றால் முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம், பிறகு வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரணும், கூடவே எட்டு வாரம் பூனையிடமிருந்து காக்கணும். பூனை வளர்ந்த கோழியிடம் வாலாட்டாது. ஒரு கொத்து வாங்கினால் ஒதுங்கிவிடும். குஞ்சு என்றால் கதையே வேறு.

கூட்டில் விட்டு முதல் ஐந்தாறு நாள் திறக்கவே கூடாது. அதற்குள் இதுதான் வீடு என்று பதிந்துவிடும். பிறகு மாலை இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்து விடுங்கள். தூரம் போக நேரமிருக்காது, தானாகத் திரும்பி அடையும்.

தண்ணீர் ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு கால் லிட்டர். வெயிலில் இரட்டிப்பு. 35 டிகிரிக்கு மேல் வெயில் ஏறி, கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி நின்றால், நிழலும் குளிர்ந்த தண்ணீரும் உடனே. அந்த வேளையில் தானியம் போட வேண்டாம். செரிக்கிற சூடும் சேர்ந்துகொள்ளும்.

வெள்ளாட்டங்குட்டி:
கோழிக்கூடை சொன்ன தீவன விஷயத்தில் ஆடுதான் முதல் பலி. ஆட்டுக்குக் கோழித் தீவனம் என்றால் உயிர். தாழ்ப்பாளை உதட்டால் தூக்கித் திறக்கும். மாவுத் தீவனத்தை ஒரேயடியாக இரண்டு கிலோ தின்றால் இரைப்பை புளித்துப்போய்விடும். 12 மணி நேரத்துக்குள் மந்தம், இடது வயிறு உப்பல், பல்லை நறநறவென்று கடித்தல், பிறகு தண்ணீராகக் கழிச்சல், படுத்துவிடும். தின்றது தெரிந்த உடனே மருத்துவருக்குப் போன். அவர் வரும் வரை தானியம் எதுவும் காட்டாமல் காய்ந்த புல் மட்டும். 30 கிலோ ஆட்டுக்கு 20 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மெதுவாக, கடைவாய் ஓரமாக ஊற்றலாம். தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், மூக்குத் தண்டு தரைக்கு இணையாக இருந்தால் போதும். மேலே தூக்கினால் நுரையீரலுக்குப் போகும். ஆடு துவண்டு படுத்திருந்தால் வாயில் எதுவுமே ஊற்றாதீர்கள்.

தடுக்க வழி: கோழித் தீவனத் தொட்டி கூட்டுக்குள்ளேயே. கோழி நுழையும் வழி 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். வளர்ந்த ஆடு போகாது. மூன்று மாதம் வரை குட்டி போகும். குட்டி இருக்கும் காலத்தில் காலையும் மாலையும் மட்டும் கோழியை அடைத்துத் தீனி போட்டு, மீதியை அள்ளி எடுத்துவிடுங்கள். தாழ்ப்பாளில் ஒரு கொக்கி கூட மாட்டுங்கள். தூக்கவும் வேண்டும் இழுக்கவும் வேண்டும் என்று இரண்டு அசைவு இருந்தால் பெரும்பாலான ஆடு கைவிட்டுவிடும். பெரும்பாலான என்றுதான் சொன்னேன்.

வேலி நாலடி. ஆறு அங்குலக் கண் வைத்த வேலி வலையை வாங்காதீர்கள். கொம்புள்ள ஆடு தலையை நுழைத்துவிடும், கொம்பு மாட்டிக்கொண்டு எடுக்க வராது. அப்படியே வெயிலில் நிற்கும், வெளிநாய் வந்தால் ஓட முடியாது. நாலு அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

ஒற்றை ஆடு வேண்டவே வேண்டாம், இரண்டு என்று நினைத்ததே சரி. ஒன்றாக இருந்தால் நாள் முழுக்கக் கத்தும், தீனி எடுக்காது.

நாய்விசில்:
ஒன்று சேர்க்கிறேன். குஞ்சுத் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சலினோமைசின் மாதிரி மருந்து கலந்திருக்கும், எல்லா மூட்டையிலும் இல்லை. குதிரைக்கு அதில் சிறிதளவே உயிராபத்து. நாய்க்கும் ஆகாது, பின்னங்கால் தள்ளாடும். மூட்டை மேல் அச்சிட்டதைப் படித்துவிட்டு, மூடி இறுக்கமான டிரம்மில் கொட்டி வையுங்கள்.

பூனைக்காரருக்கு இன்னொன்று. உண்ணிக்கு நாய் மேல் விடுகிற சொட்டு மருந்திலும் மாடு ஆட்டுக்கு அடிக்கிற மருந்திலும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கலாம். நாய்க்கு ஒன்றும் செய்யாது. பூனையின் கல்லீரலால் அதை உடைக்க முடியாது. மருந்து போட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுத்தாலே போதும், சில மணி நேரத்தில் நடுக்கம், வலிப்பு. இரண்டையும் மூன்று நாள் பிரித்து வையுங்கள். பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் போட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடணும். மனிதர் போடும் பாராசிட்டமால் அதே போல. பூனைக்கு அரை மாத்திரை எமன்.

பனைமட்டை:
பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். கோழி கொன்ற நாயின் கழுத்தில் செத்த கோழியைக் கட்டிவிட்டால் திருந்தும் என்கிறார்களே?

நாய்விசில்:
திருந்தாது. நாய்க்கு அது தண்டனையாகவே தெரியாது. நாறுகிற பொருள் கழுத்தில் தொங்கினால் பல நாய்க்குச் சந்தோஷம். நோயில் செத்த கோழியாக இருந்தால் கிருமியை வளாகம் முழுக்க இழுத்துக்கொண்டு திரியும். செத்ததை இரண்டடிக்குக் குறையாமல் ஆழமாகப் புதைத்து மேலே கல் வையுங்கள், அவ்வளவுதான்.

தனியாக ஒழுங்காக இருக்கும் இரண்டு நாய் சேர்ந்தால் ஒழுங்காக இருக்காது. ஒன்று ஓடினால் மற்றதும் ஓடும். விருந்தாளி தன் நாயோடு வந்தால் அன்றைக்குக் கோழிக்கு விடுமுறை, கூட்டுக்குள்.

வெள்ளாட்டங்குட்டி:
அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரல், குடலைப் பச்சையாக நாய்க்குப் போடும் பழக்கமும் நிற்கணும். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக இருக்கும் புழு நாய் வயிற்றில் நாடாப்புழுவாகிறது. நாயின் எச்சத்தில் முட்டை வந்து, மேய்ச்சலில் ஆட்டுக்கும், கை வழியாகக் குழந்தைகளுக்கும் போகிறது. மனிதரின் ஈரலில் அந்தக் கட்டி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். போட்டே ஆகணும் என்றால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைத்துப் போடுங்கள். பச்சையாகத் தின்ன வாய்ப்புள்ள நாய்க்கு பிராசிகுவான்டல் என்ற நாடாப்புழு மருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை.

பூனை பக்கமும் இதே மாதிரி ஒன்று. குட்டிப் பூனை வைக்கோலிலோ தீவனக் குவியலிலோ மலம் கழித்தால் சினை ஆட்டுக்கு டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வந்து கரு கலையலாம். வைக்கோலை மூடி வையுங்கள். பூனைக்கு ஐந்து மாதத்துக்குள் கருத்தடை. ஐந்து மாதம் சீக்கிரம் என்று தோன்றும், ஆனால் நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் இரண்டு மாதம்தான். பெருகுவது குட்டிகள், நோயை அதிகம் பரப்புவதும் குட்டிகள்.

மழைக்காலத்தில் ஆட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். வெளிறி வெள்ளையாக இருந்தால் ரத்தம் குடிக்கும் புழு. எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றுவது வீண், மருந்துக்கு அசையாத புழுதான் மிஞ்சும். எடை தெரியாமல் குறைத்து ஊற்றினாலும் அதே கதி. நாடா வைத்து அளக்கலாம்: முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து இடுப்பு எலும்பு முனை வரையான நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 70 செ.மீ., நீளம் 65 செ.மீ. என்றால் சுமார் 29 கிலோ. புழுவின் இளம் பருவம் ஈரப் புல்லின் அடித்தண்டில்தான் அதிகம். பனி காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு விடுங்கள், புல்லை ஒட்ட மேய விடாமல் இடம் மாற்றுங்கள்.

கோழிக்கூடை:
பனைமட்டை பயந்துபோய்த் திட்டத்தைக் கைவிடுவதற்குள் நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுவோம். "மனசுக்காக" என்று கேட்டவருக்கு இதுவரை மருந்துப் பட்டியல்தான் கொடுத்திருக்கிறோம்.

கோழியிடம் முதலில் கற்க வேண்டியது குரல். மேலே பருந்து தெரிந்தால் நீளமாக, மெல்லிசாக, இழுத்த ஒரு கீச்சு. எல்லாம் செடிக்கடியில் ஓடும், இல்லையென்றால் நின்ற இடத்தில் சிலையாகும். தரையில் பாம்போ கீரியோ என்றால் துண்டு துண்டான கொக்கரிப்பு, கழுத்தை நீட்டி, அந்தத் திசையைப் பார்த்தபடியே. பத்து நாள் கூடவே உட்கார்ந்தால் அடுப்படியில் இருந்தே எது வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். சேவல் தீனி கண்டால் தான் தின்னாமல் எடுத்து எடுத்துக் கீழே போட்டு, தலையை ஆட்டிக் குறுகிய குரலில் பெட்டைகளைக் கூப்பிடும். சும்மா கூப்பிட்டு ஏமாற்றுகிற சேவலும் உண்டு. அதையும் பார்க்கலாம்.

மண் குளியலுக்கு இரண்டடிச் சதுரமாக ஒரு பெட்டி, ஓரடி ஆழம், கூரைக்கடியில். மணலும் பொடிமண்ணும் சரிபாதி, மேலே இரண்டு கை மரச்சாம்பல். பேன் குறையும், அது பயன். ஒருக்களித்துப் படுத்து, கண்ணை மூடி, ஒரு காலால் மண்ணை இறகுக்குள் அள்ளி வீசிக்கொள்வதை அருகில் உட்கார்ந்து பார்ப்பது அதைவிடப் பெரிய பயன். கூப்பிட்டால் வர வேண்டுமா? தீனி போடும்போதெல்லாம் ஒரே சத்தம், டப்பாவைத் தட்டுவதோ நாக்கைத் தட்டுவதோ. ஒரு வாரத்தில் எங்கிருந்தாலும் ஓடி வரும். அதன்பின் மழைக்கு முன் கூட்டில் அடைப்பது இரண்டு நிமிட வேலை.

வெள்ளாட்டங்குட்டி:
ஆட்டோடு பழக நடுப்பகல்தான் நேரம், அசைபோடும்போது. பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தின் இடப்பக்கம் பாருங்கள். ஒரு கவளம் கீழிருந்து உருண்டு மேலே ஏறுவது தோலுக்கடியில் தெரியும். ஒரு நிமிடம் போல மெல்லும், விழுங்கும், சில நொடி சும்மா இருக்கும், அடுத்த கவளம் ஏறும். இந்தத் தாளம் கண்ணுக்குப் பழகிவிட்டால், என்றைக்காவது ஒரு ஆடு ஒதுங்கி நின்று அசைபோடாமல் இருப்பது உடனே உறைக்கும். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் சொல்வதற்கு முன்பே இது சொல்லிவிடும். வெப்பம் பார்ப்பது என்றால் 38.5 முதல் 40 டிகிரி வரை ஆட்டுக்கு இயல்பு, வெயில் நேரத்தில் மேல் எல்லைக்கே போகும், அதற்குப் பதறக் கூடாது.

தடவ வேண்டிய இடம் முன்னங்காலுக்கு நடுவே நெஞ்சு, தோள்பட்டை. தலை இல்லை. குட்டியின் நெற்றியைக் கையால் தள்ளி விளையாடுவதை வீட்டுப் பிள்ளைகளிடம் முதல் நாளே தடை பண்ணுங்கள். ஐந்து கிலோவில் அது வேடிக்கை. நாற்பது கிலோவில், கொம்போடு, அதே விளையாட்டைத்தான் அது ஆடும். புட்டிப்பால் குடித்துத் தனியாக வளர்ந்த கிடாக்குட்டி இன்னும் மோசம், மனிதரைத் தன் இனம் என்று நினைத்து முட்டும். விதை நீக்கம் செய்துவிடுங்கள், அல்லது மற்றக் குட்டிகளோடு வளர விடுங்கள்.

இரும்புவலை:
வரிசை கேட்டிருந்தார், அது நடுவில் தொலைந்துவிட்டது. என் கணக்கு: முதல் மாதம் கூடும் வேலியும், பூனைக்குக் கருத்தடையும். இரண்டாவது மாதம் கோழி. அதிலிருந்து மூன்று நாலு மாதம் நாய்ப் பழக்கம். அதன்பின் ஆடு. ஆட்டை முதலில் கொண்டுவரக் கூடாது என்றில்லை, ஆனால் ஆடு மிரண்டு ஓடுவது நாயை ஏற்றிவிடும். கோழியிடம் நிதானம் கற்ற நாய்க்கு ஆடு சுலபம்.

நாய்விசில்:
இதில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். துரத்தும் நாய்க்கு ஆடு முதலில் வருவது நல்லது. ஆடு திரும்பி நின்று தலையைக் குனியும், கோழி அப்படி நிற்காது. வளர்ந்த, நாய்க்குப் பழகிய, அமைதியான பெட்டை ஆடு கிடைத்தால் அதை முன்னால் கொண்டுவாருங்கள். வேலிக்கு அந்தப்பக்கம் இருக்க, நாய் கயிற்றில். நாய்க்குப் பழகாத ஆடு என்றால் இரும்புவலை சொன்னதுதான் சரி.

எந்த வரிசையானாலும் நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி முடிந்திருக்கணும். ஆடு, கோழிக்கான தடுப்பூசி வரிசை ஊருக்கு ஊர் மாறும், பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீரில் கலந்து தரும் கோழித் தடுப்பு மருந்து என்றால் குளோரின் இல்லாத தண்ணீர், லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர், முன்னதாக இரண்டு மணி நேரம் தாகம், கலந்தது இரண்டு மணி நேரத்துக்குள் தீரணும். மருந்துப் பெட்டி வெயிலில் வந்திருந்தால் போடுவதும் போடாததும் ஒன்று.

பனைமட்டை:
எல்லோருக்கும் நன்றி. அரை அங்குல வலையும் கொக்கியும் எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒன்று: நாலு நாள் வெளியூர் போக வேண்டி வந்தால்?

இரும்புவலை:
தானியங்கித் தொட்டியை நம்பிப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தீவனம் நாலு நாள் தாங்கும். தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்தால் கோழி ஒரு வெயில் நாளே தாங்காது. பார்த்துக்கொள்ள வருகிறவரைக் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாள் காலையும் மாலையும் உங்களோடு வரச் சொல்லுங்கள். நாய் அவரைக் கூட்டருகே விடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கதவின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டுங்கள்: எத்தனை கோழி, எத்தனை ஆடு, எந்த டப்பாவில் எத்தனை குவளை, மருத்துவர் எண். எண்ணி அடைக்கச் சொல்லுங்கள். "எல்லாம் உள்ளே போய்விட்டது" என்று போனில் சொன்னால் போதாது, எட்டு என்று சொல்லணும்.

கோழிக்கூடை:
நாயை மட்டும் அந்த நாலு நாளும் கோழி வெளியே இருக்கும்போது கட்டிவையுங்கள், எவ்வளவு பழகியதானாலும். உங்கள் பேச்சுக்குத்தான் அது பழகியிருக்கிறது, வந்தவர் பேச்சுக்கு இல்லை.